வாசகர் கேள்வி – பதில்: முகாமில் இருட்டிய பிறகு என்ன விளையாடலாம்?

இளைஞர் முகாம்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுப் பல வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அவற்றுள் இரவு விளையாட்டுகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் தொகுத்து, இந்த முறை பதில் தருகிறேன். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் குழுவில் 13 முதல் 17 வயது வரையுள்ள 30 பேர் இருக்கிறார்கள். சென்ற முகாமில், இரவு உணவுக்குப் பிறகு மைதானத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு, எதிரணியின் கொடியைக் கவர்ந்து வரும் விளையாட்டை ஆடவிட்டோம். பத்தே நிமிடத்தில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. வேறு இருவர் நேருக்கு நேர் மோதிக்கொண்டதில் ஒருவனுக்குப் புருவம் கிழிந்துவிட்டது. இனிமேல் இரவு விளையாட்டே வேண்டாம் என்கிறார்கள் சக பொறுப்பாளர்கள். தங்கள் கருத்து என்ன?
– ஓர் இளைஞர் குழுப் பொறுப்பாளர்

பதில்: நடந்தது வருந்தத்தக்கதுதான். ஆனால் இரவின் மேல் பழியைப் போடுவதற்கு முன்னால், ஆடிய விளையாட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பகலில் ஆடுவதை அப்படியே வைத்துக்கொண்டு விளக்கை மட்டும் அணைத்துவிட்டால் அது இரவு விளையாட்டாகிவிடும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஓட்டமும் துரத்தலும் கண்ணை நம்பி அமைந்தவை. அந்தக் கண்ணைப் பிடுங்கிவிட்டு, கால்களை மட்டும் அதே வேகத்தில் விட்டால், கணுக்கால் பிசகுவதில் வியப்பில்லை.

இருட்டில் நம் கண் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், விளையாட்டை எப்படி அமைப்பது என்பது தானாகவே விளங்கும். விழித்திரையில் இரண்டு வகைப் பார்வைச் செல்கள் உள்ளன. நிறங்களையும் நுணுக்கங்களையும் காட்டுகிற கூம்பு செல்கள் வெளிச்சத்தில் வேலை செய்பவை. 9 கோடிக்கும் மேற்பட்ட கோல் செல்களே மங்கிய ஒளியில் நமக்குப் பார்வை தருகின்றன. வெளிச்சம் பட்டதும் சிதைந்துபோகும் ரோடாப்சின் என்ற நிறமி, இருட்டில்தான் மெல்ல மெல்ல மீண்டும் சேர்கிறது. அது போதுமான அளவுக்குச் சேர 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். உங்கள் பிள்ளைகளோ வெளிச்சமான உணவுக்கூடத்திலிருந்து நேராக வந்து, விளக்கு அணைந்த கணத்திலேயே ஓடத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் பத்து நிமிடத்தில் அவர்களுக்கு ஏறக்குறைய கண் தெரிந்திருக்காது.

ஆகவே முதல் அரைமணி நேரத்தில் ஆட்டமே கூடாது. எல்லோரையும் வெளியே அழைத்துச் சென்று, டார்ச்சுகளை அணைக்கச் செய்து, தரையில் உட்கார வைத்து, விதிகளை விளக்குவதற்கு அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். உட்கார்ந்தபோது வெறும் கருப்பாகத் தெரிந்த மரவரிசை, விதிகள் முடிவதற்குள் தனித்தனி மரங்களாகப் பிரிந்து நிற்பதை அவர்களே கண்டு வியப்பார்கள். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் டார்ச்சை முகத்துக்கு நேரே அடித்துவிட்டால் சேர்த்து வைத்ததெல்லாம் போய்விடும், மறுபடியும் முதலிலிருந்துதான். பொறுப்பாளர்களுக்கு விளக்கு கட்டாயம் வேண்டும் என்றால், டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளலாம். கோல் செல்களுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாக உறைப்பதில்லை என்பதால், பழகிய கண் பெரிதும் கெடாது.

இரண்டாவது, வேகத்தைக் குறைக்கும் விதி ஒன்றை விளையாட்டுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். “மெதுவாகப் போங்கள்” என்று அறிவுரை சொன்னால் பதினைந்து வயதுப் பையன் கேட்கமாட்டான். “ஓடினால் ஆட்டமிழந்தாய்” என்றால் கேட்பான். அதே கொடி விளையாட்டில் ஒரு பாதத்தையாவது எப்போதும் தரையில் வைத்திருக்க வேண்டும் என்று விதித்து, எதிரியைத் தொட்டுப் பிடிப்பதற்குப் பதிலாக டார்ச் ஒளியை மேலே படவைத்துப் பெயரைச் சொன்னால் போதும் என்று மாற்றிவிட்டால், மோதலுக்கான காரணமே இல்லாமல் போகும்.

மூன்றாவது, இடம். பகலில் ஒரு முறையும், பொழுது சாயும் நேரத்தில் ஒரு முறையும், ஆடுகளம் முழுவதையும் இரண்டு பேராவது நடந்து பார்க்க வேண்டும். நாம் தேடுவது குழிகளை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. துணி உலர்த்தக் கட்டிய கொடிக்கயிறு, முள்வேலி, குட்டையான பிள்ளையின் கண் உயரத்துக்கு நீண்டிருக்கும் உலர்ந்த கிளை, மூடாத வடிகால், நீர்நிலையின் கரை ஆகியவையே உண்மையான ஆபத்துகள். உங்கள் குழுவில் எல்லோரையும் விடக் குட்டையானவரையும் உடன் அழைத்துச் சென்றால், உங்கள் கண்ணுக்குப் படாத கிளைகள் அவர் கண்ணுக்குப் படும். கூடாரங்கள் இருக்கும் பகுதியை ஆடுகளத்தில் சேர்க்கவே வேண்டாம். அவற்றை இழுத்துக் கட்டும் கயிறுகளைப் போல இருட்டில் காலை வாரிவிடுவது வேறெதுவும் இல்லை. முழுப் பாதத்தையும் மூடும் காலணி இல்லாதவரை ஆட்டத்தில் சேர்க்காதீர்கள்; இது இடறி விழுவதற்காக மட்டும் சொல்வதன்று, இரவில் நடமாடும் ஊர்வனவற்றையும் நினைத்துச் சொல்வது.

கேள்வி: எங்களுக்கு அனுபவம் இல்லை. முதல் இரவில் ஆடுவதற்கு ஒரே ஒரு விளையாட்டைச் சொல்லுங்கள்.
– ஒரு முகாம் தொண்டர்

பதில்: தயங்காமல் சொல்வேன்: விளக்குக் காவல்.

புல்வெளியோ மணல்வெளியோ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நடுவே ஒரு முக்காலியில் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காருவார். கையில் டார்ச் இருக்கும், காலடியில் ஒரு கைக்குட்டை கிடக்கும். மற்றவர்கள் நாற்பது தப்படி தொலைவில் வட்டமாகப் படுத்துக்கொள்வார்கள். விசில் ஒலித்ததும் எல்லோரும் ஊர்ந்தோ தவழ்ந்தோ நடந்தோ அந்தக் கைக்குட்டையை நோக்கி வர வேண்டும். காவல்காரருக்கு ஏதாவது ஓசை கேட்டால், அந்தத் திசையில் ஒரே ஒரு முறை டார்ச்சை அடிக்கலாம். ஒளி யார் மேல் படுகிறதோ அவர் அங்கேயே எழுந்து உட்கார்ந்துவிட வேண்டும்; அதற்குமேல் அவர் பார்வையாளர். டார்ச்சைச் சுற்றிச் சுழற்றக் கூடாது. மொத்தம் இருபது முறைக்கு மேல் அடிக்கவும் கூடாது. இந்த இரண்டு தடைகளும் இல்லாவிட்டால் ஆட்டம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஒளி சரியாக யார் மேல் பட்டது என்பதைச் சொல்ல, காவல்காரருக்குப் பின்னால் ஒரு நடுவர் நிற்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிடத்தில் பாதிப் பேர் சிக்கிக்கொள்வார்கள். அவர்களைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் காலடி ஓசை இல்லை. மழைச்சட்டையின் கை உடம்பில் உரசும் சரசரப்பு, சட்டைப்பையில் இருக்கும் சாவிக்கொத்து, அடக்க முடியாமல் வெளிவரும் சிரிப்பு. இரண்டாவது சுற்றுக்கு வரும்போது யாரும் சொல்லிக்கொடுக்காமலே சட்டைப்பைகளைக் காலி செய்துவிட்டு வருவார்கள்.

காவல்காரர் பக்கத்தில் நடப்பதும் சுவையானது. ஓர் ஓசை வலப்புறமிருந்து வந்தால், அது வலக் காதை எட்டிய பிறகே இடக் காதை எட்டும். அந்த இடைவெளி மிஞ்சிப்போனால் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான், என்றாலும் மூளைக்கு அதுவே திசையைக் கண்டுபிடிக்கப் போதும். நேர் முன்னாலிருந்தும் நேர் பின்னாலிருந்தும் வரும் ஓசைகளோ இரண்டு காதுகளையும் ஒரே நேரத்தில் எட்டுவதால், முன்னா பின்னா என்று தெரியாமல் மூளை தடுமாறும். தலையைச் சற்றே திருப்பினால் அந்தத் தடுமாற்றம் தீர்ந்துவிடும். நல்ல காவல்காரர் தலையை ஒரு பக்கம் சாய்த்தும் திருப்பியும் கேட்டுக்கொண்டே இருப்பதைக் கவனித்துப் பாருங்கள். யாரும் அதை அவருக்குக் கற்பித்திருக்கமாட்டார்கள்.

நான் நடுவராக நின்ற ஓர் ஆட்டத்தில், பகலில் எந்த ஓட்டப் போட்டியிலும் கடைசியாக வரும் ஒரு பெண், இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டு அந்த நாற்பது தப்படியைக் கடந்தாள். காற்று வீசி இலைகள் அசையும்போது மட்டும் ஒரு முழம் நகர்வாள். காற்று நின்றால் அவளும் நின்றுவிடுவாள். அவள் விரல் நுனி கைக்குட்டையின் ஓரத்தைத் தொட்டபோது காவல்காரன் வேறு திசையில் காதைத் திருப்பிக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் அவளை அணித் தலைவியாகத் தேர்ந்தெடுத்தது மற்ற பிள்ளைகள்தாம். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

கேள்வி: முழுநிலவு நாளில் முகாம் வைப்பது நல்லதா, அமாவாசையில் வைப்பது நல்லதா?
– ஒரு வாசகர்

பதில்: நடந்து தேடும் விளையாட்டுகளுக்கு நிலவு வேண்டும், ஒளிக்குறி விளையாட்டுகளுக்கும் வானம் பார்ப்பதற்கும் இருட்டு வேண்டும். அரைநிலவு என்றால் முழுநிலவின் பாதி வெளிச்சம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். முழுநிலவு சூரியன் மறையும் வேளையில் எழும், அதற்கடுத்து ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகும். ஆகவே முழுநிலவு கழிந்து மூன்று நாள் ஆகிவிட்டால், நீங்கள் எதிர்பார்க்கும் நேரத்தில் வானத்தில் நிலவு இருக்காது. என் விருப்பம் வளர்பிறையின் எட்டாம், ஒன்பதாம் நாள்கள்: முன்னிரவில் வெளிச்சம் இருக்கும், நள்ளிரவையொட்டி அது மறைந்த பிறகு விண்மீன்களும் கிடைக்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அணிகளைப் பிரிக்கச் சிவப்புத் துணியும் பச்சைத் துணியும் கொடுக்கிறார்கள். மங்கிய ஒளியில் சிவப்பு கருப்பாகிவிடும், பச்சை சாம்பலாகிவிடும். ஓர் அணியின் கையில் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு, மற்ற அணியை வெறுங்கையோடு விட்டுவிடுவதே போதும்.

கேள்வி: டார்ச்சால் செய்தி அனுப்பும் விளையாட்டை எங்கள் பையன்கள் ஆட விரும்புகிறார்கள். மோர்ஸ் குறிகள் முழுவதையும் கற்றுக்கொடுக்க வேண்டுமா? அது கடினம் இல்லையா?
– ஓர் ஆசிரியர்

பதில்: முழுவதும் வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்தில் 26 எழுத்துகளையும் மனப்பாடம் செய்ய வைத்தால் விளையாட்டு பாடமாகிவிடும். புள்ளி, கோடு என்ற இரண்டு குறிகளைக் கொண்டு எட்டுச் செய்திகளை மட்டும் அந்தந்த அணியே வகுத்துக்கொள்ளட்டும்: “வா”, “நில்”, “இடம் மாறு”, “புரியவில்லை, மறுபடி அனுப்பு” என்பன போன்றவை. மோர்ஸ் முறையின் அளவை மட்டும் கடைப்பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு கோடு என்பது மூன்று புள்ளிகளின் நேரம், குறிக்கும் குறிக்கும் இடையே ஒரு புள்ளியின் நேரம், எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே மூன்று புள்ளிகளின் நேரம். அனுப்புபவர் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே அனுப்பாவிட்டால் எதிரே இருப்பவருக்கு எல்லாம் ஒரே மினுமினுப்பாகத்தான் தெரியும். இந்த விளையாட்டில் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் அவசரமே.

ஆடும் முறை: இரண்டு மேடுகளில் இரண்டு பேர், நடுவே எதிரணியின் ஒற்றர்கள். ஒற்றர்கள் செய்தியைத் திருடிப் பொருள் கண்டுபிடிக்க முயல வேண்டும். ஒரே குறியீட்டை நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தினால் எதிரணி கண்டுபிடித்துவிடும் என்பதை மூன்றாம் சுற்றில் புரிந்துகொண்டு, நான்காம் சுற்றில் பொய்ச் செய்திகளை இடையிடையே கலக்கத் தொடங்குவார்கள். அந்தக் கட்டத்துக்கு வந்த பிறகு நீங்கள் நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளலாம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்ற எஸ்.ஓ.எஸ். குறியை விளையாட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. 1906ஆம் ஆண்டு பெர்லினில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் ஏற்கப்பட்ட ஆபத்துக் குறி அது. சிலர் நினைப்பதுபோல் எந்தச் சொற்றொடரின் சுருக்கமும் அன்று, தெளிவாக அடையாளம் காணத்தக்கது என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மலைப்பகுதிகளில் வழங்கும் மற்றோர் ஆபத்துக் குறியையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஒளியோ விசிலோ, பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடியும் ஆறு முறை. பதில் குறி நிமிடத்துக்கு மூன்று முறை. இவற்றை விளையாட்டுக்கு வெளியே தனியாக, உண்மையான தேவைக்கென்றே கற்பிக்க வேண்டும்.

கேள்வி: இருட்டில் பிள்ளைகள் தொலைந்துவிடுவார்களோ என்ற அச்சம் எனக்குத் தீரவே இல்லை. எண்ணிக்கையை எப்படிச் சரிபார்ப்பது?
– ஒரு பெண் பொறுப்பாளர்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. எனக்கு அது ஒரு முறை நேர்ந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் உதவியாளனாகப் போயிருந்த ஒரு முகாமில், ஒளிந்து தேடும் விளையாட்டு முடிந்து விசில் அடித்தோம். 24 பேர் வர வேண்டிய இடத்தில் 23 பேர் வந்தார்கள். மறுபடியும் எண்ணினோம், 23. பெயரைக் கூப்பிட்டோம், புதர்களைத் தேடினோம், கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, சமையல் பாத்திரம் எடுக்கக் கூடாரத்துக்குள் போன ஒருவர் அந்தப் பையனைப் பார்த்தார். ஆட்டம் சலித்துவிட்டதால், யாரிடமும் சொல்லாமல் போய்ப் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தான். அவன் மீது குற்றமில்லை. ஆட்டத்திலிருந்து விலக விரும்பினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று நாங்கள் அவனுக்குச் சொல்லவே இல்லை.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பவை இவை. யாரும் தனியாக இருக்கக் கூடாது. இருவர் அல்லது மூவராகச் சேர்த்துவிடுவேன், ஒருவர் விலகினால் இணையும் உடன் விலகி வர வேண்டும். ஆடுகளத்தின் ஒரு மூலையில் விளக்கு எரியும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு பெரியவர் பெயர்ப் பட்டியலோடு உட்கார்ந்திருப்பார், ஆட்டம் முடியும்வரை இருக்கையை விட்டு எழமாட்டார். கால் வலிக்கிறது, பயமாக இருக்கிறது, சலித்துவிட்டது என்று எந்தக் காரணத்துக்காகவும் அங்கே வரலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டோம். விசில் விதி ஒன்றே ஒன்று: நீண்ட ஒற்றை விசில் கேட்டால், ஒளிந்திருப்பவரும் வென்றுகொண்டிருப்பவரும் உட்பட எல்லோரும் இருந்த இடத்தில் எழுந்து நின்று, டார்ச்சைப் போட்டுக்கொண்டு, அந்த விளக்கை நோக்கி நடந்து வர வேண்டும். இதை ஆட்டம் தொடங்குமுன் இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிடுகிறேன்.

தலைகளை எண்ணுவதை மட்டும் நம்பாதீர்கள். இருட்டில் ஒரே தலையை இரண்டு முறை எண்ணிவிடுவது மிக எளிது. பிள்ளைகளுக்கு எண் கொடுத்து, ஒன்று, இரண்டு என்று அவர்களே வரிசையாகக் குரல் கொடுக்கச் செய்தால், எந்த எண்ணில் மௌனம் விழுகிறதோ அந்தப் பிள்ளை யார் என்பது உடனே தெரிந்துவிடும். அருகில் நீர்நிலை இருந்தால், கரையோரமாக ஒரு பெரியவரை நிறுத்துங்கள். விளையாடுவதற்கு இல்லை, அங்கேயே நிற்பதற்கு மட்டும். முதலுதவி தெரிந்த ஒருவரும் எந்த அணியிலும் சேராமல் இருக்க வேண்டும். இரவில் கடும் உழைப்புக்குப் பிறகு சர்க்கரை அளவு சட்டென்று இறங்கக்கூடிய பிள்ளைகளும், மூச்சுக்குழாய் மருந்து வைத்திருக்கும் பிள்ளைகளும் யார் யார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: மூத்த பையன்கள் சிலர் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு இளையவர்களைப் பயமுறுத்த அனுமதி கேட்கிறார்கள். முகாம் என்றால் இது வழக்கம்தானே என்கிறார்கள்.
– ஒரு பொறுப்பாளர்

பதில்: அனுமதிக்காதீர்கள். திடுக்கிட்டு ஓடும் பிள்ளை எங்கே ஓடுகிறோம் என்று பார்ப்பதில்லை.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. இருட்டு என்றால் இன்னும் அஞ்சுகிறான். முகாமில் நண்பர்கள் கேலி செய்வார்களே என்று போகவே மறுக்கிறான். நாங்கள் வற்புறுத்தலாமா?
– ஒரு தாய்

பதில்: வற்புறுத்தவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம் அம்மா. “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று நாம் கேலியாகச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பழமொழியில் ஓர் உண்மை இருக்கிறது. மங்கிய ஒளியில் கண் தருவது அரைகுறையான உருவங்களையே. மீதியை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. அஞ்சியிருக்கும் மூளை எதைக்கொண்டு நிரப்பும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு செய்தியையும் அவனிடம் சொல்லுங்கள்: நம் விழித்திரையின் நட்டநடுவில் கோல் செல்களே இல்லை. ஆகவே இருட்டில் ஒன்றை நேராக உற்றுப் பார்த்தால் அது மங்கி மறைவதுபோல் தோன்றும். சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் தெளியும். “அங்கே ஏதோ இருந்தது, பார்த்ததும் மறைந்துவிட்டது” என்று அவன் சொல்வதில் பாதி இதனால்தான். மங்கலான ஒரு விண்மீனைக் காட்டி, நேராகவும் ஓரக்கண்ணாலும் மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தானே கண்டுகொள்வான்.

முகாம் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே பேசி, அவனுக்கு முதல் நாள் இரவில் ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். விளக்கு மூலையில் பெயர்ப் பட்டியலைப் பிடித்திருப்பதோ, நேரம் பார்த்து விசில் ஊதுவதோ எதுவானாலும் சரி. கையில் வேலை இருக்கும் பிள்ளையை யாரும் கோழை என்பதில்லை. இரண்டாம் இரவில், அவனுக்குப் பிடித்த ஒருவரோடு இணை சேர்த்து ஆடவிடலாம்.

கேள்வி: ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் கலந்த குழு எங்களுடையது. இரவு விளையாட்டு என்றதுமே சில பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
– ஓர் இளைஞர் குழுச் செயலாளர்

பதில்: அவர்களைச் சமாளிக்க வேண்டாம், அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் வைத்திருங்கள். யார் மேற்பார்வை, எத்தனை மணிக்கு முடியும், பிள்ளைகள் எங்கெங்கே இருப்பார்கள் என்பதை எழுதிக் கொடுத்து, ஒப்புதல் கையெழுத்தும் வாங்கிவிட்டால் பெரும்பாலோர் அமைதியடைவார்கள்.

விளையாட்டைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். ஒருவர் ஒளிந்திருக்க, அவரைக் கண்டுபிடிப்பவர் ஒவ்வொருவராக அதே மறைவிடத்துக்குள் நெருக்கிக்கொண்டு ஒளியும் விளையாட்டு ஒன்று பல முகாம்களில் ஆடப்படுகிறது. சிறு பிள்ளைகள் பகலில் ஆட அது நல்ல விளையாட்டு. இருட்டில், பதின்வயதினருக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தொட்டுப் பிடிப்பதை எல்லா இரவு விளையாட்டுகளிலிருந்தும் நீக்கிவிட்டு ஒளியால் பிடிப்பதாக மாற்றிவிடுங்கள். பெரியவர்களுக்கும் ஒரு விதி உண்டு: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருட்டில் இருக்கக் கூடாது, எத்தனை நல்லவரானாலும். இரவுக் காவலுக்கும் இரண்டு இரண்டு பேராகவே போக வேண்டும்.

கேள்வி: எங்கள் குழுவில் காது சரியாகக் கேளாத ஒரு மாணவியும், மாலைக்கண் உள்ள ஒரு மாணவனும் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு ஆட மனம் வரவில்லை.
– ஓர் ஆசிரியை

பதில்: விட்டுவிட வேண்டியதில்லை. அந்த மாணவி பகலில் உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்பவளாக இருப்பாள். இருட்டியதும் அந்த வழி அடைபட்டுவிடுகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். விதிகளை வெளிச்சம் இருக்கும்போதே அவளுக்கு விளக்கிவிடுங்கள். ஆட்டம் முடிந்ததை விசிலால் மட்டும் அறிவிக்காமல், உயரமான இடத்திலிருந்து டார்ச்சைச் சுழற்றியும் அறிவியுங்கள். டார்ச் செய்தி விளையாட்டில் அவள் மற்றவர்களைவிடத் திறமையாக இருந்தால் வியப்படைய வேண்டாம்.

மாணவனைப் பொறுத்தவரை, கண் மருத்துவரிடம் காட்டியாகிவிட்டதா என்று முதலில் பெற்றோரிடம் கேளுங்கள். வைட்டமின் ஏ குறைவாலும் மாலைக்கண் வரும், பிறவியிலேயே வரும் விழித்திரைக் கோளாறாலும் வரும். முன்னதைக் குணப்படுத்த முடியும். விளையாட்டில் அவனைக் காவல்காரனாக்குங்கள். விளக்குக் காவலில் காவல்காரனின் கண்ணை எப்படியும் கட்டத்தானே போகிறோம்!

கேள்வி: ஒளிரும் குச்சிகள், லேசர் விளக்குகள், கைப்பேசி வெளிச்சம் ஆகியவற்றைப் பயன்படுத்தலாமா?
– ஒரு கல்லூரி மாணவர்

பதில்: ஒளிரும் குச்சிகளைப் பயன்படுத்தலாம். எல்லையைக் குறிக்கவும் பெரியவர்களை அடையாளம் காணவும் அவை மிக உதவும். உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய் உடைந்து இரண்டு திரவங்கள் கலப்பதால் ஒளி பிறக்கிறது; குளிரில் ஒளி மங்கும், வெப்பத்தில் பளிச்சிடும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். வாயில் வைத்துக் கடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. உள்ளிருக்கும் திரவம் கண்ணையும் வாயையும் எரிக்கும் என்று எச்சரியுங்கள். முகாம் முடிந்ததும் எண்ணிப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

லேசர் கூடவே கூடாது. விழித்திரையை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது அது. வானூர்தியை நோக்கி அடித்தால் பல நாடுகளில் குற்றமும் ஆகும். சில டார்ச்சுகளில் வேகமாக வெட்டி வெட்டி எரியும் வசதி இருக்கிறது. விநாடிக்கு 3 முதல் 30 முறை வெட்டும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் அதையும் தடை செய்யுங்கள். கைப்பேசிகளை ஒரு பையில் வாங்கி வைத்துவிடலாம். ஒரே ஒரு திரை ஒளிர்ந்தால் போதும், சுற்றியிருக்கும் பத்துப் பேரின் கண் பழக்கம் கெட்டுவிடும்.

கேள்வி: விளையாட்டு முடிந்த பிறகு பிள்ளைகள் தூங்குவதே இல்லை, நள்ளிரவு தாண்டியும் கூடாரங்களில் பேச்சும் சிரிப்பும் ஓய்வதில்லை. மறுநாள் நிகழ்ச்சியெல்லாம் பாழாகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு முகாம் ஒருங்கிணைப்பாளர்

பதில்: வெற்றி தோல்வி அறிவித்த சூட்டோடு கூடாரத்துக்கு அனுப்பினால் அப்படித்தான் இருக்கும். தூங்கப் போகும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே பரபரப்பான ஆட்டத்தை நிறுத்துங்கள். புள்ளிகளை மறுநாள் காலையில் அறிவிப்பதாகச் சொல்லிவிடுங்கள், முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

பிறகு எல்லோரையும் புல்வெளியில் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் முஷ்டியாக மடித்து மார்பின் மேல் வைத்துக்கொண்டு, புதிதாக ஓர் ஓசையைக் கேட்கும்போதெல்லாம் ஒரு விரலை நீட்ட வேண்டும். பத்து விரலும் நீண்ட பிறகே ஆட்டம் முடியும். முதலில் கேட்பவை பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சும் பூச்சிகளின் இரைச்சலும். நாலைந்து விரலோடு தேங்கிவிடுவார்கள். அதன் பிறகு தொலைவிலிருப்பவை வரத் தொடங்கும். இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று மேலுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்போது, மேலே போக வேண்டிய ஒலி வளைந்து மறுபடி தரைக்கே திரும்புகிறது. பகலில் காதில் விழாத தொலைதூர வண்டியோசையும் நாயின் குரைப்பும் அப்போது தெளிவாகக் கேட்பது இதனால்தான். எட்டாவது, ஒன்பதாவது விரலுக்கு வரும்போது சிலர் தூங்கிப்போயிருப்பார்கள். அவர்களைத் தோளில் தட்டி எழுப்பி, எண் சொல்லச் செய்து, எண்ணிக்கை சரியாக இருந்தால் கூடாரத்துக்கு அனுப்புங்கள்.